பச்சைத் திரையில் வந்த பொன்மொழிகள்

எண்பதுகளின் பிற்பகுதியில் மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையின் கணினி அறையில் எனக்கு வேலை. சுங்கை லாலாங் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அங்கே இருந்தது யூனிக்ஸ் கணினி. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. எங்கள் பிரிவுத் தலைவர் லண்டனில் படித்துவிட்டு வந்த தமிழர். வந்ததும் அவர் செய்த முதல் சாதனை, நாங்கள் கணினிக்குள் நுழையும்போதெல்லாம் திரையில் ஒரு பொன்மொழி தோன்றும்படி செய்ததுதான்.

ஒரு கோப்பில் நிறையப் பொன்மொழிகள் கிடந்தன. அதிலிருந்து ஏதோ ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடும் நிரல், அவ்வளவுதான். அவரோ அசரீரி கேட்டவர் போல எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, உரக்க வாசிக்கச் சொல்வார். "இன்னிக்கு உனக்குத் தேவையானதுதான் வந்திருக்கு" என்பார். சோம்பலைப் பற்றி அவருடைய திரையிலேயே வந்த அன்று மட்டும், இன்னொரு முறை தட்டி வேறொன்றை வரவழைத்துக்கொண்டார்.

பக்கத்து இருக்கை அக்கா பீடோங் ஊர்க்காரர். ஒருநாள் அவர் மகளுக்குக் கடும் காய்ச்சல் என்று போன் வந்தது. அரை நாள் லீவு கேட்டார். தலைவர் திரையைக் காட்டினார். பொறுமையைப் பற்றி ஏதோ ஓர் ஆங்கில வரி.

"பாரும்மா, மெஷினே பொறுமையா இருன்னு சொல்லுது."

"மெஷினுக்குப் புள்ள இருக்கா லா, சார்?" என்று கேட்டுவிட்டு அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் மேசையில் எச்சரிக்கைக் கடிதம்.

அன்று மாலை பொன்மொழிக் கோப்பைத் திறந்தேன். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதைப் பூட்டி வைக்கக்கூட லண்டன் படிப்பு அவருக்குக் கற்றுத்தரவில்லை. பொன்மொழிகளை முழுக்க அழித்துவிட்டு மலாய் மொழியில் ஒரே ஒரு வரி எழுதிவைத்தேன்: பிள்ளைக்குக் காய்ச்சல், தலைவர் பொன்மொழி வாசிக்கிறார்.

அடுத்த நாள் காலை தொழிற்சாலையின் பெரிய மேலாளர், ஒரு மலாய்க்காரர், எங்கள் அறைக்கு வந்தார். தம் அதிசயத்தைக் காட்டும் ஆசையில் நம்மவர் உரக்க வாசிக்கத் தொடங்கினார். பாதியில் குரல் இறங்கியது. அடுத்த திரைக்குத் தாவினார். அங்கும் அதே வரி.

"அனாக் சியாப்பா?" யாருடைய பிள்ளை என்று மேலாளர் கேட்டார். அக்கா எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார்.

கடிதம் அன்றே ரத்தானது. பொன்மொழி நிரலையும் எடுத்துவிடச் சொல்லி உத்தரவு. நம்மவர் அசரவில்லை. அந்த வாரமே அட்டைகளில் கைப்பட எழுதி, கழிப்பறைக் கதவு வரைக்கும் ஒட்டினார். "அங்கதான் லா அதுக்குச் சரியான இடம்" என்றார் அக்கா.