பட்டா, நூல் சேலையா?

செல்போன் வந்த புதிதில், மறுபடியும் தேர்தலில் நின்ற ஒரு ஒன்றியத் தலைவருக்கு ஜீப் ஓட்டினேன். அவருடைய மனைவியும் ஓட்டுக் கேட்க வருவார். உயரமான, ஒல்லியான அம்மா. வண்டியை விட்டு இறங்குமுன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

அவர் பட்டுச்சேலையில் வந்ததை ஒரு பத்திரிகை படத்தோடு போட்டுக் கிண்டல் செய்தது. மறுநாள் அனுமந்தன்பட்டிப் பக்கம் நூல் சேலையில் இறங்கினார். திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வந்த பெண்களில் ஒருத்தி சத்தமாகக் கேட்டாள்: "ஏத்தா, நேத்துப் பட்டு, இன்னைக்கு நூலு. எங்களப் பாத்து வேஷமா கட்டுறீக?"

கட்சிக்காரர்கள் அவளை அதட்டப் போனார்கள். அம்மா கைகாட்டி நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற புருஷனைக் காட்டிச் சொன்னார்:

"வேஷந்தான் ஆத்தா. இத இவுகதான் வாங்கியாந்து கட்டச் சொன்னாக. நேத்துக் கட்டுனதுதான் என்னுது. இவுக வேட்டிய இதுவரைக்கும் யாராச்சும் கேட்டிருக்கீகளா? அஞ்சு வருசமா என்ன செஞ்சாகன்னு கேளுங்க, சொல்றேன்."

தலைவருக்கு முகம் வெளிறிவிட்டது. பெண்கள் குடிதண்ணீர், ரோடு, தெருவிளக்கு என்று கேட்கக் கேட்க, செய்யாததைச் செய்யவில்லை என்றே அம்மா சொன்னார். கேள்வி கேட்டவளே கடைசியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் நான், "ஓட்டுப் போயிருமேம்மா?" என்றேன்.

"போனாப் போகுதுப்பா. நாளைக்கும் நான் இந்தப் பொம்பளைக மூஞ்சியில முழிக்கணும்ல."

தலைவர் தோற்றுப்போனார். எத்தனையோ பேச்சாளர்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். புருஷனுக்கு ஓட்டுக் கேட்கப் போன இடத்தில், அவரை வைத்துக்கொண்டே உண்மையைச் சொல்லும் துணிச்சலை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.