பாசிக்குடாச் சந்தியில் ஒரு தேங்காய்

பாசிக்குடாச் சந்திக் கடையில் நிற்கிறேன். ஊர் மீனவரைக் கலியாணம் கட்டி இங்கேயே குடிவந்துவிட்ட போலந்துப் பெண் தேங்காயைத் தொட்டுக் காட்டுகிறாள். கடைக்கார அக்காவோ விளங்காதவர்போல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அந்நியப் பெண்ணைச் சீண்டி வேடிக்கை பார்க்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

“தேங்காய்தானே கேட்கிறா, எடுத்துக் குடுங்க,” என்கிறேன்.

“நீங்க சும்மா இருங்க தம்பி. குவைத்தில வேலை செய்யக்குள்ள நான் கையால காட்டினாலே மெடம் எல்லாம் தருவா. அதனால அரபு படிக்கல்ல. அப்பா செத்த அண்டைக்கு, ஊருக்கு விடுங்க எண்டு கேக்கத் தெரியல்ல. அதை எப்படிக் கையால காட்டுற?”

எனக்குச் சந்தேகம் இன்னும் முழுதாய்த் தீரவில்லை.

“அக்கா... தேங்காய்... ஒண்டு தாங்க,” என்கிறாள் அந்தப் பெண்.

கட்டிய கையை அக்கா அவிழ்க்கவில்லை.

“பெரிசா, சின்னனா?”