எழுத்து முடிஞ்ச மாப்பிள்ளை

ஆனந்தராசாவைப் போல ஒரு சோலிசுரட்டு, வம்புதும்பு இல்லாத மனுசனை ஓக்லண்ட் முழுக்கத் தேடினாலும் காணமாட்டியள். ஹில்ஸ்பரோவில தமையன் வீட்டுப் பின்வளவில ஒற்றை அறை. விடிய அஞ்சரைக்கு எழும்பி, ஒனேஹங்காவில இருந்த மட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு நடந்து போவார். கொழும்பில நில அளவைக் கந்தோரில படம் கீறின கை, இஞ்சை பெட்டிக்கு மடிப்புக்கோடு அடிச்சுது. அதுக்கும் ஒருநாள் முகம் சுளிச்சதில்லை. அண்ணர் என்ன சொன்னாலும் "ஓம் அண்ணை", மச்சாள் என்ன சொன்னாலும் "ஓம் மச்சாள்". அந்த ஒரு சொல்லை வைச்சே முப்பத்தொன்பது வயசு வரைக்கும் காலந்தள்ளின ஆள். அவரை நினைச்சால் இரக்கமும் வரும், ஆத்திரமும் வரும். ஆத்திரந்தான் கூட.

கதைக்குள்ள போக முதல் ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ளுங்கோ. எங்கடை யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் கலியாணம் ரெண்டு தரம் நடக்கும். முதல் நடக்கிறது எழுத்து. பதிவுகாரர் வீட்டை வருவார், மாப்பிள்ளையும் பொம்பிளையும் புத்தகத்தில கையெழுத்து வைப்பினம், பலகாரம் சாப்பிட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டு அவரவர் வீட்டுக்குப் போயிடுவினம். பிறகு நாள் பார்த்துத் தாலிகட்டு. சட்டத்துக்கு எழுத்து அண்டைக்கே புருசன் பெண்சாதி. சனத்துக்கோ? தாலி ஏறாமல் என்ன பெண்சாதி! எழுத்து முடிஞ்சு ரெண்டு வருசம் போனாலும் அவள் தாய் வீட்டுப் பெட்டைதான். மாப்பிள்ளை தனிய வந்து கேற்றைத் திறந்தால் அயல் முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்க்கும்.

ஆனந்தராசாவுக்கும் இராசமலருக்கும் எண்பத்து மூண்டாம் ஆண்டு ஆனியில எழுத்து நடந்தது. தாலிக்கு ஆவணியில நாள் வைச்சிருந்தினம். இடையில ஆடியில கலவரம் வந்திட்டுது. வெள்ளவத்தையில அவர் இருந்த அறை எரிஞ்சு, உடுத்த உடுப்போட கப்பலேறி ஊருக்கு வந்து சேர்ந்தார். அந்த நிலைமையில ஆர் பந்தல் போடுறது? அந்த நேரம் பார்த்து, ஏழு வருசம் முந்தியே ஓக்லண்டுக்கு வந்து குடியேறின தமையன் கதிர்காமநாதனிட்டை இருந்து படிவம் வந்தது. கலியாணம் ஆகாத சகோதரங்களைக் கூப்பிடலாமாம், உடனே நிரப்பி அனுப்பு, தாலியைப் பிறகு கட்டலாம் எண்டு கடிதம். ஆனந்தராசா "கலியாணம் ஆகாதவர்" எண்ட பெட்டிக்குள்ள புள்ளடி போட்டார். இஞ்சை அண்ணரும், தம்பி தனியாள் எண்டு சத்தியக் கடதாசியில கையெழுத்து வைச்சார். ரெண்டு பேற்றை மனசிலயும் ஒரு துளி கள்ளம் இல்லை. ஊரில ஆரைக் கேட்டிருந்தாலும் அப்பிடித்தான் போடச் சொல்லியிருப்பினம்.

அவர் வந்திறங்கினது எண்பத்து நாலு மாசியில. வருசம் திரும்ப முதல் பெட்டையைக் கூப்பிடுறது எண்டுதான் கதை. எங்கை கூப்பிட்டது? எண்பத்தஞ்சில இராசமலரின்ரை தகப்பன் மோசம் போனார், ஆண்டுத்திவசம் முடியாமல் கலியாணம் இல்லை. அது முடிய, அண்ணர் ஹில்ஸ்பரோவில வீடு வாங்கினார், தம்பி ஒருக்கால் பொறு எண்டார். அதுக்குப் பிறகு ஊரில சண்டை. எண்பத்தேழு முடியிறதுக்குள்ள இராசமலர் தாயோட மெட்ராசுக்கு ஓடிவந்து, ஒரு மாடி அறையில இருந்து கடிதம் எழுதினாள்.

கடிதம் எண்டால் சும்மா கடிதமில்லை. மாசம் மூண்டு நீலக் கடிதம், "அன்பின் அத்தானுக்கு" எண்டு தொடங்கி ஓரத்தில எல்லாம் சுத்திச் சுத்தி எழுதியிருப்பாள். அங்கை குளிருக்கு ரெண்டு சோடி காலுறை போதுமோ, தேங்காய்ப்பூ கிடைக்குமோ, ஓக்லண்டில பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறதெண்டால் திரும்பப் படிக்க வேணுமோ எண்டு கேள்விமேல கேள்வி. நேரில அவர் அவளோட கதைச்சது மொத்தமாய் நாலுதரம். ஆனால் அந்தக் கடிதங்களில அந்த மனுசன் உருகிப்போய்க் கிடந்தார். உண்மையாய்ச் சொன்னால், அவற்றை வாழ்க்கையில அவருக்கெண்டு இருந்தது அது ஒண்டுதான்.

எண்பத்தெட்டு மாசியில அவற்றை விசா முடிஞ்சுது. நாட்டில இருக்கிறதுக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் வெளியில போய்த் திரும்பி வாறதெண்டால் பாஸ்போர்ட்டில அந்த விசா உயிரோட இருக்கவேணும். நாலு வருசத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கவேணும். ஆனந்தராசா படிவத்தைக் குடுத்திட்டு இராசமலருக்கு எழுதினார்: "விசா கைக்கு வந்த உடன வாறன். வைகாசியில தாலி. பிறகு உம்மைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவன்."

அவள் பாவம், அஞ்சு வருசம் பொறுத்தவள். அத்தான் வந்து தாலி கட்டினாப்பிறகு விண்ணப்பிச்சு இன்னுமொரு வருசம் காத்துக் கிடக்கிறதோ, இப்பவே குடுத்து வைச்சால் கையோட போகலாமே எண்டு யோசிச்சிருக்கிறாள். தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில தானே படிவம் நிரப்பி, எழுத்துச் சான்றிதழையும் ஒரு போட்டோவையும் வைச்சு டெல்லியில இருக்கிற இந்த நாட்டுத் தூதரகத்துக்குத் தபாலில அனுப்பினாள். உறவுமுறை எண்ட இடத்தில "மனைவி" எண்டு எழுதினாள். அவளும் பொய் எழுதேல்லை!

பங்குனி முடிவில ஆனந்தராசாவுக்குக் குடிவரவுக் கந்தோரில இருந்து கடிதம் வந்தது. எண்பத்து மூண்டில இருந்து உம்முடைய மனைவி எண்டு ஒரு பெண் விண்ணப்பிச்சிருக்கிறா, நீர் எண்பத்து நாலில கலியாணம் ஆகாதவர் எண்டு எழுதியிருக்கிறீர், வந்து விளக்கம் சொல்லும். அதுவரைக்கும் விசாவும் இல்லை, உம்முடைய நிரந்தர அனுமதியும் ஆராயப்படும், பொறுப்பு நிண்டவருடைய சத்தியக் கடதாசியும் ஆராயப்படும்.

அண்ணர் கதிர்காமநாதன் அந்தக் கடைசி வரியை மூண்டுதரம் வாசிச்சார்.

"ஆரடா உவளை இப்ப விண்ணப்பம் போடச் சொன்னது? நீயோ?"

"இல்லை அண்ணை."

"தாலி கட்ட முதல் பெண்சாதி எண்டு எழுதுறதுக்கு என்ன துணிவு! குடும்பத்தையே கவிட்டுப்போட்டாளே!"

மச்சாள் சரோஜாதேவி குசினிக்குள்ள இருந்து, "நான் அப்பவே சொன்னனான், உந்த எழுத்தை வெட்டிவிடச் சொல்லி" எண்டா. அவ அப்பிடி ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணர் ஒரு லோயரிட்டைப் போனார். வெள்ளைக்கார லோயர் எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, உண்மையைச் சொல்லுங்கோ, உங்கடை வழக்கத்தை விளங்கப்படுத்துங்கோ, அனேகமாய் ஏற்றுக்கொள்ளுவினம் எண்டு சொன்னார். அனேகமாய். அந்த ஒரு சொல் அண்ணருக்குத் தொண்டையில முள்ளாய்க் குத்திச்சுது. அவர் அரசாங்கத்தில இன்ஜினியர். பொய்ச்சத்தியம் எண்டு பேர் வந்தால் உத்தியோகம் என்னாகும், எப்சம் பள்ளிக்கூடத்தில படிக்கிற மூண்டு பிள்ளையளும் என்னாகும்? அனேகமாய் எண்டதை நம்பித் தன்ரை கழுத்தை நீட்ட அவர் ஆயத்தமில்லை. தம்பியின்ரை கழுத்து பரவாயில்லை. அந்தப் பெட்டையின்ரை கழுத்து அவற்றை கணக்கிலேயே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிய அண்ணர் தம்பியை முன்னுக்கு இருத்தினார்.

"இஞ்சை பார் ராசா. எழுத்துப் புத்தகத்தில நீ தமிழில தானே கையெழுத்து வைச்சனி?"

"ஓம் அண்ணை."

"இஞ்சை எல்லா இடமும் இங்கிலீசில வைச்சிருக்கிறாய். ஒப்பிட்டுப் பார்க்க அவங்களிட்டை ஒண்டும் இல்லை. அது உன்ரை கையெழுத்தில்லை. உனக்கு அந்தப் பெட்டையைத் தெரியாது. விளங்குதோ?"

ஆனந்தராசா, "அப்ப அவவைக் கள்ளி எண்டெல்லோ நினைப்பினம்?" எண்டார்.

"நினைச்சால் நினைக்கட்டும். மெட்ராசில இருக்கிறவளை இவங்கள் என்ன செய்யப் போறாங்கள்? உனக்கு விசா வந்த பிறகு ஆறுதலாய் ஏதாவது வழி பார்ப்பம். அப்பா செத்த நாள் தொடக்கம் உன்னைப் படிப்பிச்சு ஆளாக்கினது ஆர்? நடுத்தெருவில விடப்போறியோ என்னை?"

அங்கைதான் அந்த மனுசன் ஒருக்கால் "ஏலாது" எண்டு சொல்லியிருக்கவேணும். சொன்னாரோ? "ஓம் அண்ணை" எண்டார்.

ரவுணில, குடிவரவுக் கந்தோர் மூண்டாம் மாடியில, வயசான ஒரு வெள்ளைக்காரி அவரைக் கூப்பிட்டு இருத்தினா. மரியாதையான மனுசி. தண்ணி வேணுமோ எண்டு கேட்டா. பிறகு சான்றிதழின்ரை பிரதியை முன்னுக்கு வைச்சா.

"இது உங்களுடைய கையெழுத்தா?"

"இல்லை."

"இந்தப் பெண்ணைத் தெரியுமா?"

போட்டோவை நீட்டினா. அஞ்சு வருசமாய்க் காணாத முகம். கன்னம் ஒட்டிப்போய், கண்ணாடியும் போட்டிருந்தாள். கண்ணாடி போடத் தொடங்கினதை அவள் ஒரு கடிதத்திலயும் எழுதேல்லை.

"தெரியாது."

அந்த மனுசி உடன ஒண்டும் எழுதேல்லை. பேனையை மேசையில வைச்சிட்டு மெல்லமாய்ச் சொன்னா: "மிஸ்டர் ஆனந்தராசா, உங்கள் நாட்டில் இருந்து வந்த இன்னும் சிலருக்கு இப்படி ஒரு சிக்கல் வந்திருக்கிறது. முதலில் பதிவு செய்வார்களாம், சடங்கு பிறகு நடக்குமாம், சடங்கு நடக்கும்வரை தங்களைக் கலியாணம் ஆனவர்களாக நினைப்பதில்லையாம். உங்கள் விசயமும் அப்படி என்றால் இப்போது சொல்லுங்கள். அதைத் தீர்க்கலாம். யாருக்கும் ஒரு தீங்கும் வராது."

கடவுளே, கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள் மனுசி! அவர் செய்யவேண்டியது உள்ளுக்குக் கால் வைக்கிறது ஒண்டுதான். ஓம் எண்டு ஒரு சொல். பிறந்த நாள் தொடக்கம் எல்லாருக்கும் சொன்ன சொல், அந்த ஒரு இடத்தில வாயில வரேல்லை. ஏற்கெனவே ரெண்டு பொய் சொல்லியாச்சு, இனி மாத்திச் சொன்னால் நம்புவினமோ, அண்ணரை என்ன செய்வினமோ எண்ட பயம். அதோட, அண்ணர் இப்பிடி ஒரு கேள்வி வருமெண்டு சொல்லித் தரேல்லை. சொல்லித் தராத மறுமொழி அவரிட்டை இல்லை.

"அப்படி ஒன்றும் இல்லை" எண்டார்.

அந்த மனுசி பெருமூச்சு விட்டிட்டுப் பேனையை எடுத்தா. இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது, இது என் கையெழுத்தில்லை எண்டு எழுதி அவரிட்டை ஒப்பம் வாங்கினா. உங்களுக்கு இது பெரிய மனக்கஷ்டமாய் இருந்திருக்கும் எண்டு ஆறுதலும் சொன்னா. எழும்பப் போகேக்கை, விதிப்படி இதின்ரை பிரதியை அந்தப் பெண்ணுக்கு அனுப்பி அவ மறுமொழி சொல்ல ஆறு கிழமை குடுப்பம் எண்டா.

"அனுப்பாமல் விட ஏலாதோ?"

"ஏன்?"

"ஒண்டுமில்லை" எண்டு சொல்லிப்போட்டு இறங்கி வந்திட்டார்.

அண்டைக்கு மட்டும் தானாய் ஒரு காரியம் செய்தார். தபால் கந்தோருக்குப் போய் நீலக் கடிதம் ஒண்டு வாங்கி, பேனையைத் திறந்து "அன்பின் மலர்" எண்டு எழுதினார். அதுக்குக் கீழ என்னத்தை எழுதுறது? விளங்கப்படுத்தி எழுதி, அது ஆற்றையும் கையில சிக்கினால் கதை கந்தல் எண்டு அண்ணர் முதலே எச்சரிச்சிருந்தார். கடிதத்தைக் கிழிச்சுக் குப்பையில போட்டார். அதுக்குப் பிறகு மெட்ராசில இருந்தும் கடிதம் வரேல்லை. ஒவ்வொரு நாளும் வேலையால வந்து தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார். மச்சாளுக்கு வாற கடை விளம்பரக் கடதாசியள்தான் கிடக்கும்.

வைகாசி கடைசியில, வேலையில்லாத ஒரு சனிக்கிழமை, கந்தோரில இருந்து தடிச்ச உறை வந்தது. அண்ணர்தான் உடைச்சார். உள்ளுக்குப் பாஸ்போர்ட், புதிசாய்க் குத்தின விசாவோட. நாலு வருசத்துக்கு எத்தனை தரமும் போய் வரலாம். அதோட ஒரு பிரதி. இராசமலரின்ரை கையெழுத்தில, ஒழுங்கான இங்கிலீசில நாலு வரி.

"திரு. ஆனந்தராசா சொல்வது உண்மை. அவருக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டது நான். இதற்காக அவரை இனித் தொந்தரவு செய்ய வேண்டாம்."

ஆத்திரத்தில எழுதினாளோ, அவரைக் காப்பாத்த எழுதினாளோ, ஆருக்குத் தெரியும்? எப்பிடி எழுதியிருந்தாலும், தன்னைத் தானே கள்ளி எண்டு எழுதிக் குடுத்தாப்பிறகு இந்த நாட்டுக் கதவு அவளுக்கு ஒருநாளும் திறவாது. அது தெரிஞ்சுதான் எழுதியிருக்கிறாள். படிச்ச பெட்டை.

அண்ணர் வாசிச்சு முடிச்சிட்டு நெஞ்சைத் தடவினார். "அப்பாடா! பார்த்தியே, விசயத்தை விளங்கி எழுதியிருக்கு. நல்ல பிள்ளை" எண்டார். "தேத்தண்ணி போடப்பா" எண்டு மச்சாளுக்குக் குரல் குடுத்தார்.

ஆனந்தராசா கதிரையை விட்டு எழும்பினார். அவர் சத்தம் போட்டு அந்த வீட்டில ஒருத்தரும் கேட்டதில்லை. அண்டைக்குக் கேட்டினம்.

"அவள் என்ரை பெண்சாதி! கேக்குதோ உங்களுக்கு? என்ரை பெண்சாதி அவள்!"

பிள்ளையள் அறைக்குள்ள இருந்து எட்டிப் பார்த்துதுகள். மச்சாள் கேத்திலும் கையுமாய் நிண்டா.

"மெல்லக் கதை" எண்டு சொல்லிப்போட்டு, அண்ணர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார்.