கடலுக்கு நடுவே மாமி வீடு

முற்றத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின் சீற்றில் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஐஸ் பெட்டி. முன்னால் அன்ரன்.

மீன்தான் என்று நினைத்தேன். குசினிப் பக்கம் திரும்பி, “சட்டியை எடும்!” என்று மனைவிக்குக் குரலும் கொடுத்துவிட்டேன். அன்ரன் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு துவாய். துவாய்க்குள் ஒரு போன்.

“சூடாகுது அண்ணை. வெயிலுக்கை பொக்கற்றில கொண்டு வரப் பயமாக் கிடந்துது. ஐஸ் போடேல்லை, பயப்பிடாதேங்கோ.”

மனைவி சட்டியோடு வந்தாள். போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சட்டியோடு திரும்பிப் போனாள்.

அன்ரன் முல்லைத்தீவுக் கரையோரத்தில் சின்ன போட் ஒன்று வைத்துத் தொழில் செய்பவன். அவன் உண்மைப் பெயர் அதுவல்ல. ஊரையும் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். எங்களுக்குள் நெடுங்காலக் கொடுக்கல் வாங்கல். இங்கே முரசுமோட்டையில் நான் நெல் வெட்டினால் அவன் வீட்டுக்கு அரிசி போகும். அங்கே அவனுக்கு மீன் பட்டால் என் வீட்டுக்குக் கருவாடு வரும். இதில் லாபம் யாருக்கு என்பது பற்றி என் மனைவிக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

“என்ன பிரச்சினை?”

“முந்தநாள் கடலுக்கை நிக்கிறன் அண்ணை. மப்பைத் திறக்கிறன். இடமில்லையாம்! கடல் முழுக்க இடம் கிடக்கு, போன் ஐயாவுக்கு மட்டும் இடமில்லையாம். அப்பிடியே உறைஞ்சு போனார். வெறும் வலையோட திரும்பி வந்தன்.”

கடலில் மப், அதாவது வரைபடம், எதற்கு என்று கேட்கிறீர்களா? கடலடியில் பாறைத் திட்டுகள் உண்டு. ‘பார்’ என்பார்கள். மீன் கூடுகிற இடம் அதுதான். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். ஆகவே பார் கிடக்கிற இடங்களை அன்ரன் போனில் புள்ளி வைத்துச் சேமித்திருக்கிறான். புள்ளியைப் பிடித்துப் போனால் மீன். புள்ளி இல்லையென்றால்... கடல் சுற்றுலா.

“இப்ப நான் என்ன செய்யோணும்?”

“ரூட் அடிச்சுத் தாங்கோ.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனில் இடம் மிச்சம் பிடிப்பது பற்றி இந்தப் பத்தியில் ஒருமுறை எழுதித் தொலைத்தேன் அல்லவா? அன்றிலிருந்து நான் இந்தப் பக்கத்தில் போன் வைத்தியன். கைராசி எப்படி என்று இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

ரூட் என்றால் என்ன? நாம் வாங்குகிற போனில் நாம் வாடகைக்கு இருப்பவர்கள். விறாந்தையும் இரண்டு அறையும் நமக்கு. மற்ற அறைகளின் திறப்பு, அதாவது சாவி, கம்பனியிடம். அந்தத் திறப்பை நாமே எடுத்துக்கொள்வதுதான் ரூட் செய்வது. எடுத்தால் நாம் கேட்காமலே உள்ளே வந்து குந்தியிருக்கிற ஆப்களை வெளியே பிடித்துத் தள்ளலாம்.

தள்ளலாம்தான். ஆனால் முதல் பூட்டைத் திறக்கிற அந்த நிமிஷமே போன் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். அந்தந்த மாடலுக்கு உரிய கோப்பைத்தான் போடவேண்டும் — பக்கத்து மாடலின் கோப்பைப் போட்டால் போன் உயிர் போய் வெறும் செங்கல். பாதி வேலையில் கரண்ட் போனாலும் செங்கல்தான். கடைக்காரனிடம் உத்தரவாதம் பேச முடியாது. வங்கி ஆப் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, திறப்பு நம் கையில் இருந்தால், நாம் ஏமாந்து உள்ளே விடுகிற கள்ள ஆப்பின் கைக்கும் அது போகலாம்.

இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அன்ரன் பொறுமையாகக் கேட்டான். பிறகு ஒன்று சொன்னான்.

“அண்ணை, ஆமி பிடிச்சு வைச்சிருந்த எங்கட காணிக்குள்ள போறதுக்கு எத்தினை வருசம் கம்பிவேலிக்கு வெளியில நிண்டனாங்கள்? இப்ப எங்கட போனுக்குள்ள போறதுக்கும் ஆரிட்டையோ அனுமதி எடுக்கோணுமோ?”

தேத்தண்ணி வந்திருந்தது. குடித்தேன்.

சரி, முதலில் இடத்தை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்று போனைத் திறந்தேன். பாதிக்கு மேல் வீடியோக்கள். பிரான்சில் இருக்கிற அக்கா மகனின் ஞானஸ்நானம் — பாகம் பாகமாக. கேக் வெட்டுவது தனி. கேக் ஊட்டுவது தனி. வந்தவர்கள் வாசலில் சப்பாத்துக் கழற்றுவதும் தனி.

“இதுகளை அழிக்கலாம்தானே?”

“ஐயோ அண்ணை! அக்கா கோல் எடுத்தாக் கேப்பா. பாத்தனியோ எண்டு மட்டும் கேக்கமாட்டா. நான் கட்டியிருந்த சாறி என்ன கலர் எண்டு கேப்பா. போன தரம் மாறிச் சொல்லி அவா ஒரு மாசம் கதைக்கேல்லை.”

நம் சனத்தின் போன்கள் ஏன் நிரம்புகின்றன என்று இப்போது விளங்குகிறதா? கொண்டாட்டம் நடப்பது பிரான்சில். இடம் போவது முல்லைத்தீவில். அழிக்கலாம் என்றால் அது வீடியோவை அழிப்பது அல்ல, சொந்தத்தை அழிப்பது! கோயில் திருநாள், பூப்புனித நீராட்டு, எவருடையதோ வீடு குடிபூரல்... ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அக்கா பரீட்சை வைக்கக் காத்திருக்கிறா.

“உன்ர தம்பி ஜூட் போன் கடைதானே வைச்சிருக்கிறான்? அவனை விட்டிட்டு இவ்வளவு தூரம் ஏன் ஓடி வந்தனி?” என்று கேட்டேன்.

அன்ரன் சுற்றுமுற்றும் பார்த்தான். முற்றத்தில் கோழி மட்டும்தான் நின்றது. ஆனாலும் குரலைத் தாழ்த்தினான்.

“அவன்ர மச்சான் போட் வைச்சிருக்கிறான் அண்ணை.”

அது போதும். கடற்கரையில் பார் கிடக்கிற இடத்தை உடன்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார்கள். கரையிலிருந்து வேறு திசைக்கு எஞ்சினை விட்டு, பார்க்கிற கண்கள் மறைந்த பிறகு திரும்பிப் போகிற ஆட்கள். ஜூட் நல்லவன்தான். ஆனால் ஜூட்டுக்கு மனைவி உண்டு. மனைவிக்கு அண்ணன் உண்டு. அண்ணனுக்கு போட் உண்டு. இரகசியம் எப்போதும் கலியாணம் செய்த வழியால்தான் வெளியே போகும்.

மப்பைத் திறந்து காட்டினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீலக் கடலுக்கு நடுவே வரிசையாகப் பெயர்கள். ‘மாமி வீடு.’ ‘பல்லு டாக்குத்தர்.’ ‘சைக்கிள் கடை.’ ‘பள்ளிக்கூடம் பழசு.’

“ஆராவது எட்டிப் பாத்தாலும் ஒண்டும் விளங்காது, என்ன?” என்றான் பெருமையாக.

“விளங்கும். மாமி நீந்தத் தெரிஞ்சவா எண்டு விளங்கும்.”

அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “பழைய பார் எல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும் அண்ணை. அவர் எங்களுக்குக் காட்ட முந்தியே செத்துப் போனார். சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வந்தாப் பிறகு இது ஒவ்வொண்டும் நானாத் தேடிப் பிடிச்சது. இது போனா எனக்குக் கடலே இல்லை.”

அதைக் கேட்டதும் அந்தப் போனைத் தொடவே பயம் பிடித்துக்கொண்டது. ரூட் என்ன, ஒரு பட்டனை அமத்துவதற்கே கை தயங்கியது.

“முதல்ல புள்ளியளை இன்னொரு இடத்தில சேமிக்கோணும். கிளவுட்டில போடுவமே?”

“அது எங்க கிடக்கு?”

“அமெரிக்காப் பக்கம் எங்கையோ.”

யோசித்தான். “அங்கயிருந்து ஆரும் வலை போட வரமாட்டினம்தான்... எண்டாலும் வேண்டாம்.”

“அப்ப றீற்றாவின்ர போனில?” — றீற்றா அவன் மனைவி.

“அவா ஜூட்டின்ர பெண்சாதியோட ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் கதைக்கிறவா தெரியுமே?”

கடைசியில் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தான். “அண்ணை, நீங்கள் கடலில இறங்குவியளோ?”

“கால் நனைக்கவும் மாட்டன்.”

“போட்டில?”

“குளத்துத் தோணியிலயே சத்தி எடுத்தவன் நான்.”

“அப்ப உங்களிட்டயே இருக்கட்டும்.”

வாழ்க்கையில் முதன்முறையாக என் தகுதியின்மைக்கு ஒரு பதவி கிடைத்தது. புள்ளிகள் எல்லாம் ஒரே கோப்பாகி என் போனுக்கு வந்தன.

மிச்ச வேலை சுலபம். பரந்தன் சந்திக்குப் போய் ஒரு மெமரி காட் வாங்கினோம். போட்டதும் போன் ஒரு கேள்வி கேட்கும் — இதைத் தனிக் காட்டாக வைப்பதா, போனின் சொந்த உறுப்பாக்குவதா? தனியாக வையுங்கள். உறுப்பாக்கினால் அந்தக் காட்டை வேறு போன் வாசிக்காது; போன் செத்தால் காட்டில் உள்ளதும் கூடவே உடன்கட்டை ஏறும். ஞானஸ்நானத்தை அப்படியே காட்டுக்கு மாற்றினோம். குறூப்பில் வருகிற வீடியோக்கள் தாமாக இறங்குவதை நிறுத்தினோம். கேட்காமல் வந்து குந்தியிருந்த ஆப்களைத் துரத்த முடியாவிட்டாலும் செற்றிங்ஸில் போய் முடக்கி வைத்தோம். போன் மூச்சு விட்டது.

“அப்ப ரூட்?” அவன் முகத்தில் ஏமாற்றம்.

“புதுப் போன் வாங்கு. இது சும்மா கிடக்கிற காலத்தில ரூட் அடிச்சு விளையாடுவம். செங்கல்லானாலும் அழத் தேவையில்லை.”

அரை மனதோடு ஐஸ் பெட்டியைக் கட்டினான். போன் இந்தமுறை பொக்கற்றில் போனது.

அடுத்த கிழமை றீற்றாவின் இலக்கத்திலிருந்து அழைப்பு. பேசியது அன்ரன்.

“அண்ணை... போன் கடலுக்கை போட்டுது.”

வலை இழுக்கும்போது குனிந்திருக்கிறான். பொக்கற்றிலிருந்து நேரே தண்ணீருக்குள். செங்கல்லாகும் என்று நான் எவ்வளவு எச்சரித்தேன்! ரூட் செய்யாமலே செங்கல் மாதிரித்தான் மூழ்கியிருக்கிறது.

“அண்ணை, மாமி வீடு இருக்குதே?”

“இருக்கு, இருக்கு” என்றேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது: அவனுக்குப் பாடம் நடத்திய சூட்டோடு நான் என் போனையும் துப்புரவு செய்திருந்தேன். கண்டதையெல்லாம் அழி, அழி என்று...

‘மாமி’ என்று தேடினேன். இல்லை. ‘அன்ரன்’ — இல்லை. ‘கடல்’ — பாட்டு ஒன்றுதான் வந்தது. ஒரு மனிதனின் கடலை நான் குப்பையோடு குப்பையாகக் கொட்டிவிட்டேனா? உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

என் நிலையைப் பார்த்த மனைவி போனை வாங்கி மெமரி காட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனாள். திடீரென்று நிறுத்தினாள்.

“வெட்டு முடிஞ்சு நெல்லும் ஏத்தியாச்சு. இதென்ன இப்ப ‘யூரியா’ எண்டு ஒண்டு கிடக்கு?”

யூரியா! யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று நானேதான் அந்தப் பெயரை வைத்திருந்தேன். அன்ரனின் வியாதி எனக்கும் தொற்றியிருந்தது. என்ன, மற்றவர்களிடமிருந்து மறைக்கத் தெரிந்த எனக்கு என்னிடமிருந்து எடுக்கத் தெரியவில்லை. கோப்பைத் திறந்தேன். மாமி, டாக்குத்தர், சைக்கிள் கடை — எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள்.

“இருக்கு அன்ரன். எல்லாம் இருக்கு.”

மறுமுனையில் றீற்றா போனை வாங்கினாள். “இவர் நேற்றிலயிருந்து சாப்பிடேல்லை அண்ணை. இப்ப அழுகிறார். நல்ல அழுகைதான், யோசிக்காதேங்கோ.”

புதுப் போன் வந்தது. புள்ளிகள் போய்ச் சேர்ந்தன. இந்த ஞாயிறு ஐஸ் பெட்டி மறுபடியும் முற்றத்துக்கு வந்தது, இம்முறை விளைமீனோடு. மனைவி சட்டியைக் கொண்டுவந்தாள்; இம்முறை வெறும் சட்டியோடு திரும்பிப் போகவில்லை.

இதை எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். பெயரை மாற்றினால் எழுதுங்கோ என்றான். எனவே அந்தக் கோப்பு இப்போது என் போனிலும் இல்லை, ‘யூரியா’ என்ற பெயரிலும் இல்லை என்பதை உரியவர்களுக்கு அறியத் தருகிறேன்.

ஏனென்றால் ஊரில் எல்லாருக்கும் ஒரே யோசனை: போனைக் கடலில் விட்டவன் எப்படி அடுத்த கிழமையே மீனோடு கரைக்கு வருகிறான்? அப்படியானால் இன்னொரு பிரதி எங்கேயோ இருக்கிறது. எங்கே?

நேற்று எனக்கு ஒரு அழைப்பு. மிக மரியாதையான குரல்.

“அண்ணை, நான் ஜூட் கதைக்கிறன். உங்கட போன் கொஞ்சம் ஸ்லோ எண்டு கேள்விப்பட்டன். ஒருக்காக் கொண்டு வாங்கோ... சும்மா ரூட் அடிச்சுத் தாறன்.”