நாங்கள் என்றால் யார்?

பள்ளியில் அவளுக்குப் பட்டப்பெயர் 'எதுக்கு டீச்சர்'. கட்டுரை என்று எவன் வந்து நின்றாலும், எதுக்கு எழுதுறே, யார் படிக்கப் போறா, யார் குரல்ல பேசுறே என்று குடைந்தெடுத்த பிறகுதான் பேனாவைத் தொட விடுவாள்.

அம்மா இறந்த பிறகு, நினைவு மலருக்கென்று தம்பி ஒரு கட்டுரையை நீட்டினான். "லேசா திருத்திக் கொடு, அக்கா."

முதல் வரி: 'அம்மாவை நாங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டோம்.'

படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு மலம் அள்ளியவள் அவள். தம்பியும் அவன் மனைவியும் பழப்பையோடு வந்து, வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியவர்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்குடா இது?"

"சொந்தக்காரங்க படிக்கத்தான்."

"அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே! இந்த 'நாங்கள்' யாரு?"

"நானும் என் பொண்டாட்டியும். சரி, உன்னையும் சேர்த்துக்கோ. பொதுவாத்தானே எழுதியிருக்கேன்."

"உன் பொதுவைத் தூக்கி உடைப்புல போடு!"

சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். மேலே எழுதினாள்: 'அம்மாவை அக்கா பார்த்துக்கொண்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.'

தாளை அவன் சட்டைப்பையில் திணித்தாள். "இப்பதான்டா இது உன் குரல்."