டிட்டோ போட்ட சந்து

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது துணிச்சல்காரி போலத் தெரிந்தால் நம்பாதீர்கள். பல்லி விழுந்தால் அலறுவேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, முன்பின் அறியாதவர்களின் பட்டறைக்குள் போய், "உங்ககிட்ட எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?" என்று கேட்பது.

தொழிலாளர் புள்ளிவிவரம் சேகரிக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் நான் ஒப்பந்த ஊழியர். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. திருச்சியில் ஆபீஸ். மார்ச்சில் ஒப்பந்தம் முடியும். ஏப்ரலில் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடுவார்கள். கணவர் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறார். மகள் ப்ளஸ் டூ. அதனால் ஊரே பங்குனித் தேரைப் பற்றிப் பேசும் மாதத்தில் நான் மட்டும் மேலதிகாரியின் கையெழுத்தை நினைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வேலையை வீட்டில்கூட யாருக்கும் சரியாகப் புரியவைக்க முடிந்ததில்லை. நாட்டிலுள்ள ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண் உண்டு. கோடு என்போம். மாவு மில்லுக்கு ஒன்று, மருந்துக் கடைக்கு ஒன்று, மரம் அறுப்பதற்கு ஒன்று. நாங்கள் ஒவ்வோர் இடமாகப் போய் அங்கே என்ன வேலை நடக்கிறது, எத்தனை பேர் செய்கிறார்கள் என்று பார்த்து, அதற்குரிய எண்ணை எழுதுவோம். பிறகு எல்லாவற்றையும் கூட்டி, இந்தத் தொழிலில் இத்தனை பேர் என்று எங்கோ பெரிய அட்டவணை போடுகிறார்கள். எண் தப்பினால் ஆளே வேறு தொழிலுக்குப் போய்விடுவார். தலையை விட்டுவிட்டால் அந்த ஆள் கணக்கிலேயே இல்லை.

காகிதத்தில் எழுதிய காலத்தில் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரே சந்து, ஒரே மாதிரித் தொழில் என்றால் முதல் வரியில் மட்டும் எண்ணை எழுதுவோம். கீழே வரிசையாக டிட்டோ, மேலே உள்ளதேதான் என்ற குறி. மலைக்கோட்டைப் பக்கத்துத் துணிக்கடைச் சந்துகளில் இது தப்பே இல்லை. கடை கடையாகத் துணிதான். டிட்டோ போடாதவரை, "என்னங்க, புதுசா?" என்று கேலி செய்வோம்.

நான் டிட்டோ போட்டது அரியமங்கலத்தில் பன்னிரண்டு பட்டறைகள் உள்ள ஒரு சந்தில். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்குள்ளும் நான் காலெடுத்து வைக்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சாக்கு என்றாலும் சரி. அதற்கு முந்தைய நாள், பக்கத்துத் தெருவில் ஒரு லேத் பட்டறைக்குப் போயிருந்தேன். முதலாளி என் அடையாள அட்டையை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஆபீஸரம்மா வந்திருக்காங்க, மரியாதை பண்ணுவோம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய் ஷட்டரை இழுத்துக் கீழே விட்டார். உள்ளே இரண்டு ஆண்கள் சிரித்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். யாரும் என்னைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சும்மா விளையாட்டுக்கும்மா" என்று திறந்துவிட்டார். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் சொல்லவில்லை, ஆபீஸிலும் சொல்லவில்லை. சொன்னால், "பொம்பளைங்களுக்கு இந்த வேலை ஒத்து வராது" என்று ஆரம்பிப்பார்கள்.

மறுநாள் சந்து முனைக்கு வந்ததும் கால் நகரவில்லை. முனையில் ஓர் அக்கா டீக்கடை வைத்திருந்தார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பன்னிரண்டு பட்டறைக்கும் டீ அவர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"எல்லாம் வெல்டிங்தாம்மா. போர்டப் பாத்தாலே தெரியுதே" என்றார். எந்தப் பட்டறைக்கு எத்தனை கிளாஸ் என்பது அவருக்கு மனப்பாடம். முதல் பட்டறைக்கு அஞ்சு, அடுத்ததுக்கு எட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் கிளாஸை ஆளாக்கி எழுதினேன். மேலே வெல்டிங் கோடு, கீழே பதினொரு டிட்டோ. அடியில் என் கையெழுத்து.

அதற்குப் பிறகு புதிய கோடு புத்தகம் வந்தது. பழையது அச்சான காலத்தில் இல்லாத பிழைப்புகளெல்லாம் அதில் இடம் பிடித்திருந்தன. வீட்டில் புளியோதரை கிளறி ஆப் வழியாக விற்பதற்கும், துவாக்குடி மாணவர்கள் ஒற்றை அறையில் நடத்தும் சாப்ட்வேர் கம்பெனிக்கும் எந்த எண் என்று நாங்கள் பயிற்சி வகுப்பில் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போட்டோம். கொஞ்ச நேரம் எனக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. பிறகு பயிற்சி கொடுத்தவர் ஒன்று சொன்னார். வெல்டிங், ஃபேப்ரிகேஷன் என்று ஒரே எண்ணில் அடைத்திருந்ததைப் புதிய புத்தகத்தில் நான்காகப் பிரித்திருக்கிறார்கள். இனி காகிதம் இல்லை, கையில் டேப், அதாவது டேப்லெட்; அதில் டிட்டோ போட முடியாது. அந்த எண் விழுந்த இடங்களுக்கெல்லாம் அதிகாரியோடு நேரில் போய்ப் பார்த்து, புது எண் கொடுக்க வேண்டும். பட்டியலில் என் சந்துதான் முதலில் இருந்தது.

பட்டறைக்காரர்களில் ஒருவர், "இந்தம்மாவ நாங்க பாத்ததே இல்லையே" என்று சொன்னால் போதும். போகாத இடத்துக்குப் போனதாகக் கையெழுத்துப் போட்டவள் நான். விளக்கக் கடிதம்கூடக் கேட்காமல் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குப் படுக்கையிலும் பயமாக இருந்தது. மகள் தட்டைத் தரையில் வைத்த சத்தத்துக்குத் துள்ளி விழுந்தேன். "என்னம்மா உனக்கு?" என்றாள். "பி.பி.யா இருக்கும்" என்றேன்.

அந்த நாளும் வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, பாலத்தில் போகும்போது காவிரியைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். பட்டறைகளெல்லாம் இன்று பூட்டியிருக்கட்டும். தொழில் செய்பவர்களுக்கு எதிராக அப்படி ஒரு வேண்டுதல்! என்ன ஜென்மமோ நான். அரியமங்கலத்தில் அதிகாரி எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். பெண்தான், என்னைவிட வயதில் சின்னவர். மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எதையும் சத்தம் போட்டுப் பேசாதவர். அது இன்னும் பயம்.

சந்து முனையில் டீக்கடை அக்கா என்னைப் பார்த்ததும் கையசைத்தார். "வாங்க, வாங்க! போன தடவை வந்தீங்கல்ல?"

என் உயிர் போய்த் திரும்பியது. பெஞ்சு என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வந்துவிடக் கூடாது.

"உங்கள நல்லா ஞாபகம் வெச்சிருக்காங்களே" என்று அதிகாரி சிரித்தார்.

முதல் பட்டறையில் முதலாளி என்னை ஏறிட்டே பார்க்கவில்லை. "எத்தனையோ பேர் வராங்க மேடம், யார் மூஞ்சி ஞாபகம் இருக்கு?" என்றார். ஐந்து பேர். என் பதிவிலும் ஐந்து. இரண்டாவதில் எட்டு. சரியாக இருந்தது. ஆறு பட்டறை முடியும்வரை ஒரு தலை கூடவில்லை, ஒரு தலை குறையவில்லை. "போன ரவுண்டு ரொம்பக் கவனமாப் பண்ணியிருக்கீங்க" என்றார் அதிகாரி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஏழாவது பட்டறையின் போர்டிலும் வெல்டிங் ஒர்க்ஸ் என்றுதான் இருந்தது. முன்பக்கம் முதலாளியும் இன்னொருவரும் இருந்தார்கள். என் பதிவில் இரண்டு பேர். நான் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதிகாரி பின்னால் தொங்கிய சாக்குப் படுதாவை விலக்கினார். உள்ளே மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்க் இருந்தது. போர்டு இதற்கு முன் இங்கே பட்டறை வைத்திருந்தவருடையதாம். அதைக் கழற்ற யாருக்கும் நேரம் வரவில்லை. இவர் வந்ததிலிருந்து இங்கே வெல்டிங்கே நடந்ததில்லை என்பது பிறகு அந்தப் பெண்கள் சொல்லித்தான் தெரிந்தது.

"இவங்க எப்பலேருந்து இருக்காங்க?" என்று அதிகாரி கேட்டார்.

முதலாளி முந்திக்கொண்டார். "இப்பதாங்க மேடம். இந்த வருஷந்தான்."

மூன்று பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி என் பக்கம் திரும்பி, "அப்ப தொழில் மாறியிருக்கு. அப்படியே போட்டுடுங்க" என்றார். போன் வரவும் பேசிக்கொண்டே வெளியே போனார். முதலாளி அவர் பின்னாலேயே போனார்.

தப்பித்தேன். உண்மையாகவே அந்தச் சொல்தான் மனதில் வந்தது. முதலாளியின் பொய்யும் என் பொய்யும் அச்சாகப் பொருந்திவிட்டன. அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஓரத்திலிருந்த பெண் கம்பியை விடாமல் மெதுவாகக் கேட்டார். "இத எழுதினா எங்க வேலைக்கு ஏதும் ஆபத்து வருமாங்க?"

நாங்கள் எல்லாரிடமும் சொல்வதையே சொன்னேன். "உங்க பேரு எங்கயும் போகாதுங்க. எண்ணிக்கை மட்டுந்தான். வேற எந்த ஆபீஸுக்கும் குடுக்க மாட்டோம்."

"அப்ப ஒம்பது வருஷம்னு எழுதிக்கங்க. எம் பொண்ணு வயித்துல இருக்கறப்ப வந்தேன். நீங்கதான் வருஷா வருஷம் வரீங்களாமே, எங்கள ஏன் ஒருத்தரும் பாக்க வரல?"

பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடை டீ வாங்காதவர்கள் என் கணக்கில் ஆட்களே இல்லை.

மீதிப் பட்டறைகளை முடித்துவிட்டு, டீக்கடையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து டேப்பைத் திறந்தேன். எண் மாறினால் காரணம் சொல்ல வேண்டும். திரையில் மூன்று வரிகள் இருந்தன. தொழில் மாறியது. புதிய புத்தகத்தில் எண் பிரிந்தது. முந்தைய பதிவில் பிழை. முதல் வரியைத் தொட்டால் நான் வீட்டுக்குப் போகலாம், ஏப்ரலில் கையெழுத்து ஆகும், மகள் காலேஜ் சேருவாள். அந்த மூன்று பேரும் இந்த வருஷம் பிறந்தவர்களாகிவிடுவார்கள். அந்தப் பெண் என்னைவிடப் பயந்திருந்தார். பயந்துகொண்டே ஒன்பது வருஷம் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது வரியைத் தொட்டேன். முந்தைய பதிவாளர் என்ற இடத்தில் என் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது.

அதிகாரி ஒப்புதல் கொடுக்க டேப்பை வாங்கினார். "என்னங்க, பிழைன்னு போட்டிருக்கீங்க?"

"மேடம், போன தடவை நான் உள்ள போகல."

"இந்தப் பட்டறைக்குள்ளயா?"

"எதுக்குள்ளயும் போகல மேடம்."

அவர் என்னையே பார்த்தார். "பின்ன எண்ணிக்கை எப்படிங்க சரியா வந்துச்சு?"

கழுவிக் கவிழ்த்திருந்த கிளாஸ்களைக் காட்டினேன். ஷட்டர் விஷயத்தையும் சொன்னேன். முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன், அழுதுகொண்டேதான். டீக்கடை அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றார்.

அதிகாரி கேட்டு முடித்தார். "அத அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு கேட்டார்: "இது மாதிரி வேற எத்தனை சந்துங்க?"

"இது ஒண்ணுதான் மேடம்."

"அத நான் எப்படிங்க நம்புறது?"

சத்தியமாக அந்த ஒன்றுதான். ஆனால் அதற்குச் சாட்சியாக என் கையெழுத்தைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. அந்தக் கையெழுத்தின் மதிப்பைச் சற்று முன்னால்தான் நானே சொல்லியிருந்தேன்.

"உங்க ஏரியா முழுக்கத் திரும்பப் போங்க. ஒவ்வொரு இடத்துலயும் உள்ள போய்ப் பாருங்க. அதுக்கப்புறம் உங்க ஒப்பந்தப் பேப்பரப் பத்திப் பேசுவோம்" என்றார். "கூட ஒருத்தர் வேணும்னா நான் வரேன். எங்கேருந்து ஆரம்பிக்கிறீங்க?"

பக்கத்துத் தெரு லேத் பட்டறையிலிருந்து என்று சொன்னேன். சொன்ன வாய் என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது.

மறுநாள் அங்கே போனோம். அவரைத் தெருவிலேயே நிற்கச் சொன்னேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தட்டினேன். "யாரு?" என்றது உள்ளிருந்து அதே குரல். ஆபீஸின் பெயரைச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

"முன்னாடி எழுதிட்டுப் போனீங்களே, திரும்ப என்ன?"

"அன்னைக்கு உங்க பட்டறையச் சரியாப் பாக்க முடியலீங்க. ஷட்டர முழுசா மேல ஏத்துங்க. எண்ணணும்" என்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் இல்லை. ஷட்டர் கிறீச்சிட்டுக்கொண்டு மேலே போனது. இதை எழுதும் இன்றுவரை என் பேப்பரில் கையெழுத்து ஆகவில்லை. அன்று, கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்க, உள்ளே போனேன்.