மக்பூல் பாய் அனுப்பாத பத்திரிகை

எவனாவது ஏமாந்துவிட்டான் என்று காதில் விழுந்தால் போதும், மக்பூல் அகமதுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. ஆம்பூர் பஜார் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "ஓடிபி கேட்டானாம், இந்த லூசு சொல்லிச்சாம்! மண்டைக்குள்ள இன்னா வச்சிருக்கானுங்க, தவிடா?" என்று தெருவே கேட்கச் சிரிப்பார். காலமெல்லாம் டேனரியில் தோல் தரம் பிரித்தவர். தோலைத் தடவியே ஓட்டை சொல்கிறவன் திருடனைச் சொல்ல மாட்டேனா என்று ஒரு திமிர். பணத்தைப் பறிகொடுத்தவன் அழுதால் அதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார், அந்த மகானுபாவர்.

அப்பேர்ப்பட்டவரைக் கவிழ்க்க ஒரு கல்யாணப் பத்திரிகை போதுமாக இருந்தது. தெரிந்தவர் நயீம் அகமது நம்பரிலிருந்து காலையில் வாட்ஸப்பில் வந்தது. 'நிக்காஹ் அழைப்பு' என்று போட்டிருந்தது. ஆம்பூரில் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அது ஜென்மத்துக்கும் பகை. போதாததற்கு பிரியாணி வேறு. அமுக்கினார். போன் என்னென்னவோ அனுமதி கேட்டது. கேட்டதற்கெல்லாம் ஆமாம் சாமி போட்டார். பத்திரிகை மட்டும் திறக்கவில்லை. "நெட்டு பேஜார் பண்ணுது" என்று போனைத் திட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கன்னியப்பன் பைக்கில் வந்து நின்றார். டேனரியில் கூட வேலை பார்த்தவர். "இன்னா பாய், வீட்ல விசேஷமா? பத்திரிகை அனுப்பிச்சிருக்க, எனக்குத் தொறக்கத் தெரியல."

"நானா? நான் எதுவும் அனுப்பலயே!"

இருவரும் ஜோசுவாவின் மொபைல் கடைக்கு ஓடினார்கள். ஜோசுவா போனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "பாய், இது பத்திரிகையே இல்ல. கடைசியில ஏபிகே-ன்னு இருக்கு பாருங்க, இது ஒரு ஆப். உள்ள வுட்டுட்டா உங்க மெசேஜ், ஓடிபி எல்லாம் அவன் படிப்பான். நயீம் பாயும் அனுப்பியிருக்க மாட்டாரு, அவர் போனும் மாட்டிக்கிச்சு." மக்பூலின் பேங்க் கணக்கில் மகள் ஹுமேராவின் நம்பர் இருந்ததால் காசு தப்பித்தது. ஆனால் அவர் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் பெயரில் அதே பத்திரிகை போயிருந்தது. "எல்லாம் வயசானவங்க. உங்க பேரைப் பார்த்தா தொறந்துருவாங்க. இந்த போனை இனிமே தொடக் கூடாது, நேர்லயே போய்ச் சொல்லுங்க. தொறந்திருந்தா உடனே நெட்டை நிறுத்தணும், பேங்க்ல சொல்லணும், சைபர் போலீஸ் நம்பர் 1930-க்குப் போன் போடணும். ஓடுங்க பாய்!"

கன்னியப்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனார். போன இடமெல்லாம் மண்டகப்படிதான். "ஓடிபி சொன்னவன் லூசுன்னா, தானே கதவைத் தொறந்து வுட்டவன் யாரு பாய்?" என்றார் ஒருவர். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி மஹ்பூபி விழுந்து விழுந்து சிரித்தது வாசல் வரை கேட்டது. வேண்டும், நன்றாக வேண்டும்.

ஒரு தெருமுனையில் கன்னியப்பன் பைக்கை மெதுவாக்கினார். "சர்தார் பாஷா வீடு இங்கதான?"

"நேரா போ."

சர்தார் பாஷா ஒரு காலத்தில் உயிர்த் தோஸ்த். ஒருநாள் முதலாளி முன்னால், "இந்தத் தோல்ல ஓட்டை இருக்கு, முதல் தரத்துல வச்சுட்டியே மக்பூல்" என்று சொல்லிவிட்டார். உண்மையைத்தான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக, ஹுமேரா கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்ட மக்பூல் அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டார். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தையே கிடையாது. நம்பரை மட்டும் போனிலிருந்து எடுக்கவில்லை. "என் பேரைப் பார்த்தா காறித் துப்புவான். அவனாவது தொறக்கிறதாவது!" என்றார் கன்னியப்பனிடம். தன்னைப் போலவே எல்லோருக்கும் அற்பப் புத்தி இருக்கும் என்று ஒரு கணக்கு.

எல்லா வீட்டுக்கும் சொல்லி முடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். மனைவி குர்ஷித் வந்து கேட்டார். "சர்தார் பாய்க்குச் சொன்னீங்களா?"

மக்பூல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"ஊர்ல ஏமாந்தவங்களை எல்லாம் முட்டாள்னீங்க. இந்த வீட்ல படுத்திருக்கிற முட்டாளுக்கு இன்னா பேரு? எழுந்திருங்க!"

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து போனார். சர்தார் பாஷா இஸ்திரி போட்ட ஜிப்பாவில் வாசலிலேயே நின்றிருந்தார். இவர் வாயைத் திறப்பதற்குள் கட்டிப் பிடித்துக்கொண்டார். "வருவேன்னு தெரியும் மக்பூல்! பத்திரிகை அனுப்பினவன் நேர்லயும் கூப்பிடாமலா இருப்பான்? காலைலருந்து அமுக்கிப் பார்க்கிறேன், தொறக்கவே மாட்டேங்குது. போன் எதை எதையோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் சரின்னுட்டேன். நீ கூப்பிடறப்ப யோசிப்பேனா? யாருக்குக் கல்யாணம்?"

மக்பூல் அவர் கையிலிருந்து போனை வாங்கினார். பேங்க் மெசேஜ்கள் வந்து கிடந்தன. மக்காவுக்கு உம்ரா போகவென்று சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் போயிருந்தது. மத்தியானம், இவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் போயிருந்தது. நெட்டை நிறுத்தினார். 1930-க்குப் பேசினார். விவரம் வாங்கிக்கொண்டார்கள், முயற்சி செய்கிறோம் என்றார்கள். பிறகு திண்டாடித் திண்டாடி நடந்ததைச் சொன்னார்: திருடன், ஆப், தன் பேரில் போன பொய்ப் பத்திரிகை, காலையிலேயே இந்தத் தெருவைத் தாண்டிப் போனது.

சர்தார் பாஷா கடைசி வரை கேட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்போ நீ என்னைக் கூப்பிடலயா, மக்பூல்?" என்றார்.